கையைப் பிடித்து இழுக்காதீர்கள்: கண்ணும் காதும் குறைந்த குழந்தைக்கு வீட்டில் பாடம் தொடங்கும் முறை

நான் சிறப்பாசிரியர். காவிரிக் கரையோரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பார்வையும் கேட்கும் திறனும் ஒருசேரக் குறைந்த பிள்ளைகள் சிலர் என் கையில் வளர்ந்திருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் இவர்களை 'டெஃப்பிளைண்ட் பிள்ளைகள்' என்றுதான் சொல்வோம். இப்படி ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் அம்மாக்களுக்கும், இவர்களிடம் முதன்முதலாக அனுப்பப்படும் இளம் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு ஆசிரியர், ஒரு குழந்தை. இந்தக் கல்வி அப்படித்தான் நடக்கும். மற்ற பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பாதி உலகம் கண் வழியாகவும் காது வழியாகவும் தானாக உள்ளே போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா கோலம் போடுவதைப் பார்க்கிறார்கள், தெருவில் பால்காரர் மணியடிப்பதைக் கேட்கிறார்கள். இந்தக் குழந்தையின் உலகம் கைக்கு எட்டும் தூரத்தோடு முடிந்துபோகிறது. அந்தத் தூரத்துக்குள் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால்தான் ஏதாவது உள்ளே போகும்.

முதலில் மிச்சம் என்ன என்று பாருங்கள்

கண்ணும் காதும் துளிகூட இல்லாத குழந்தைகள் குறைவு. பெரும்பாலானவர்களிடம் ஏதோ கொஞ்சம் இருக்கும். வெளிச்சம் தெரியலாம், ஒரு பக்கத்து அசைவு தெரியலாம், தவில் அடித்தால் கேட்கலாம். டாக்டரின் சீட்டில் எண்கள் இருக்கும். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் குழந்தை என்ன செய்கிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாயங்காலம் அறையைக் கொஞ்சம் இருட்டாக்கிவிட்டு டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் காகிதம் சுற்றி, குழந்தையின் பக்கவாட்டிலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். கண்ணுக்கு நேரே அடிக்க வேண்டாம். எந்த இடத்தில் மூச்சு மாறுகிறது, எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பாருங்கள். தலை திரும்பினால்தான் பார்த்ததாக அர்த்தம் என்றில்லை. பார்ப்பதற்காக ஒரு கணம் அசையாமல் நிற்பதும் பதில்தான். பிறகு எவர்சில்வர் தட்டை வெயிலில் திருப்பிக் காட்டுங்கள். குக்கர் விசில் வரும்போதும், மிக்ஸி ஓடும்போதும், வாசலில் புல்லட் வண்டி போகும்போதும் முகத்தைப் பாருங்கள். கிரைண்டர் ஓடும்போது அதன் பக்கவாட்டில் கை வைக்க விடுங்கள். அதிர்வை விரும்புகிற பிள்ளை என்றால் உங்களுக்குப் பெரிய கதவு ஒன்று திறந்துவிட்டது.

காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏன் இப்படி ஆச்சு என்று அழுவதற்காகச் சொல்லவில்லை. காரணத்தைப் பொறுத்துப் பாடமே மாறும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா என்ற தொற்றுக் காய்ச்சல் வந்திருந்தால் குழந்தைக்குக் கண்ணில் புரை, காது கேளாமை, இதயக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரலாம். அந்தக் குழந்தையைக் குதிக்க வைக்கும் முன் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்து விழித்திரை பாதித்த குழந்தை வேறு. மூளைக்காய்ச்சலால் இழந்த குழந்தை வேறு. சார்ஜ் என்ற, பிறவியிலேயே பல உறுப்புகளைப் பாதிக்கும் நோய்த்தொகுதி உள்ள குழந்தைக்கு உடல் சமநிலையே தடுமாறும், சாய்ந்து உட்கார இடம் தராமல் பாடம் நடக்காது. மூளையின் பார்வைப் பகுதி பாதித்த குழந்தைக்குப் பல பொருள்களை ஒரே நேரத்தில் காட்டினால் எதுவுமே தெரியாது. கறுப்புத் துணி விரித்து அதன்மேல் ஒரே ஒரு மஞ்சள் பந்தை அசைத்தால் தெரியக்கூடும். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்ததும் அதன்பின் அது வழக்கமான அட்டவணைக்குள் வந்ததும், ரூபெல்லாவால் வரும் குறையைத் தடுக்க நம் கையில் இருக்கும் பெரிய காரியம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள்.

கண்ணாடியோ ஹியரிங் எய்டோ, அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியோ கொடுத்திருந்தால் விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டுப் பழக்குங்கள். பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பேட்டரியைக் காலையில் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

உட்காரும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் குழந்தையின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் உங்கள் முகத்திலும் கையிலும் விழட்டும். பூப்போட்ட புடவை வேண்டாம். உங்கள் கை தனியாகத் தெரிய வேண்டும், அதனால் ஒரே நிறத்தில் அடர்த்தியான உடை நல்லது. நான் பாடத்துக்குப் போகும்போது கரும்பச்சை, கருநீலம் இரண்டும்தான் உடுத்துவேன். மல்லிகைப்பூ, சென்ட் எல்லாம் அளவோடு இருக்கட்டும். வாசனையும் இந்தக் குழந்தைக்கு ஒரு செய்தி, அதை நாள்தோறும் மாற்றிக் குழப்பக் கூடாது.

வந்திருப்பது யார் என்று சொல்லுங்கள்

சட்டென்று தூக்காதீர்கள். யோசித்துப் பாருங்கள்: எங்கிருந்தோ இரண்டு கைகள் வந்து தூக்கும், எங்கேயோ கொண்டுபோய் வைக்கும், வாயில் எதையோ ஊட்டும், தண்ணீரை ஊற்றும், மறைந்துவிடும். இப்படி வளர்ந்த குழந்தை ஆட்களைக் கண்டாலே சுருண்டுகொள்வதில் என்ன ஆச்சரியம்?

தோளில் கை வையுங்கள். எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். பிறகு தோளிலிருந்து முழங்கை வழியாக மெதுவாக இறங்கி அதன் புறங்கையை அடையுங்கள். உங்கள் அடையாளத்தைத் தொடக் கொடுங்கள். நான் எப்போதும் ஒரு மரமணி வளையல் போட்டிருப்பேன், வேறு வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் கழற்ற மாட்டேன். அம்மாவுக்குத் தாலிச்சரடு இருக்கலாம். அப்பாவுக்குக் கைக்கடிகாரம். தாத்தாவுக்கு மீசையே போதும். ஒரு வீட்டில் அப்பாயியின் கைநிறையக் கண்ணாடி வளையல். அவர் வரும்போது அந்தப் பெண்குழந்தை வளையலை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பாள். அவர்களுக்குள் அது வணக்கம்.

போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். அதே வளையல், பிறகு கையில் மெல்ல ஒரு தட்டு, பிறகு விலகல். சொல்லாமல் காணாமல் போகும் ஆளை எந்தக் குழந்தையும் நம்பாது.

கைக்குக் கீழே கை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள்.

நாம் வழக்கமாக என்ன செய்வோம்? பிள்ளையின் கையை மேலிருந்து பிடித்து, "இந்தா, தொட்டுப் பாரு" என்று பொருளின் மேல் அழுத்துவோம். அதைச் செய்யாதீர்கள். இந்தக் குழந்தைக்குக் கைதான் கண். கைதான் காது. நாளைக்குப் பேசப்போகும் வாயும் கைதான். ஒருவரின் முகத்தைப் பிடித்துத் திருப்பி "இதைப் பார்" என்றால் எப்படியிருக்குமோ, கையைப் பிடித்து அழுத்துவது இவர்களுக்கு அப்படி. சிலமுறை நடந்தால் போதும், குழந்தை விரல்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். மடங்கிய விரலை மறுபடி விரிய வைக்க மாதக்கணக்கில் ஆகும்.

மாற்றுவழி இதுதான். குழந்தைக்குப் பின்னாலோ பக்கத்திலோ உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்தால் உங்கள் கை அசையும் திசை அதற்குத் தலைகீழாகத் தெரியும். உங்கள் கை பொருளின் மேல் இருக்கட்டும். குழந்தையின் கை உங்கள் கையின் மேல் இருக்கட்டும். நீங்கள் வேலையைச் செய்யுங்கள். அதன் கை உங்கள் கைமேல் ஏறி சவாரி செய்யும். பிடித்திருந்தால் விரல்கள் உங்கள் விரலிடுக்கு வழியாக எட்டிப் பொருளைத் தொடும். அப்போது உங்கள் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் கையை எடுத்துக்கொள்ளும். எடுக்க விடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தெரிந்த குழந்தைதான் மறுபடி வரும்.

இட்லி மாவில் செய்து பாருங்கள். பல குழந்தைகளுக்கு ஈரமும் கொழகொழப்பும் ஆகாது. உங்கள் கை மாவில், அதன் கை உங்கள் மணிக்கட்டில். அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொரு நாள் புறங்கை வரை வரும். பிறகொரு நாள் விரல் நுனியில் மாவு ஒட்டும், முகம் சுளிக்கும், நீங்கள் உடனே துணியில் துடைப்பதையும் அதே முறையில் காட்டுவீர்கள். அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம் என்பதும் பாடம்தான்.

காத்திருப்பது

புதிய ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். கை பரபரக்கும். வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று கூச்சமாக இருக்கும். கூச்சப்படாதீர்கள். தொட்டது என்ன என்று அந்தக் கை ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து முழுசாக்கிப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்கு நொடியில் முடிவது கைக்கு அப்படி முடியாது. ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டு மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு இருங்கள். சில பிள்ளைகளுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் பதில் வரும். நடுவில் நீங்கள் இரண்டாவது முறை தட்டிவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பதில் எப்படி இருக்கும்? நெதர்லாந்தைச் சேர்ந்த கல்வியாளர் யான் வான் டைக், ரூபெல்லாவால் பாதித்த பிள்ளைகளோடு வேலை செய்து அசைவை வைத்தே உரையாடலைத் தொடங்கும் முறையை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்கப் பலரும் அதையொட்டித்தான் தொடங்குகிறோம். குழந்தை முன்னும் பின்னும் ஆடுகிறதா? அதை நிறுத்த முயலாமல் மடியில் வைத்துக்கொண்டு அதே தாளத்தில் நீங்களும் ஆடுங்கள். அது வேகமெடுத்தால் நீங்களும். நன்றாக லயித்த பிறகு நீங்கள் மட்டும் நின்றுவிடுங்கள். காத்திருங்கள். முதுகால் உங்கள் மார்பில் ஒரு சின்ன உந்தல் வரும். "இன்னும்" என்று அர்த்தம். அந்தக் கணமே ஆடத் தொடங்குங்கள். நான் அசைந்தால் இன்னொரு ஆள் அசைகிறார் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் பேச்சு பிறந்துவிட்டது. மற்றதெல்லாம் அதன்மேல் கட்டுவது.

"டீச்சர், அவனுக்குப் பசிக்குதா இல்லையான்னுகூட எனக்குத் தெரியலையே" என்று ஒரு தாய் கேட்டார். இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கவனிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஸ்பூனை உதட்டருகே நிறுத்திக் காத்திருக்க வேண்டும், வாய் திறந்தால் மட்டும் ஊட்ட வேண்டும். அந்தப் பையன் வயிறு நிறைந்தால் இடது காலை நீட்டுவான் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். எந்தப் பரிசோதனையிலும் அது வந்திருக்காது.

பொருளால் பேசுவது

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் பொருளைக் கொடுத்துச் சொல்லுங்கள். குளிக்கப் போகிறோம் என்றால் குளியல் துண்டின் ஒரு முனை. சாப்பாடு என்றால் அவனுடைய ஸ்பூன். ஊஞ்சல் என்றால் ஊஞ்சல் கயிற்றின் ஒரு துண்டு. பொருளைக் கொடுத்துவிட்டு உடனே அந்தக் காரியத்தைத் தொடங்க வேண்டும். எல்லாருமே அதே பொருளைத்தான் கொடுக்க வேண்டும். அம்மா துண்டும் அத்தை சோப்பும் கொடுத்தால் குழந்தைக்கு இரண்டுமே வெறும் பொருளாகிவிடும்.

பொம்மைகளை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பொம்மை பஸ் நம் கண்ணுக்குத்தான் பஸ். கையால் தொட்டால் அதற்கும் டவுன் பஸ்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பஸ்ஸில் அந்தக் குழந்தை பிடிப்பது கம்பியை, அதனால் அதே தடிமனில் ஒரு சாண் இரும்புக் குழாய்தான் பஸ். கோயிலுக்கு விபூதி மடித்த காகிதம், மணத்தோடு.

இந்தப் பொருள்கள் பழகிய பிறகு, அன்றைய காரியங்களை வரிசையாகக் காட்டும் நாள்பெட்டி செய்யலாம். அட்டைப்பெட்டியில் தடுப்பு வைத்து அறைகள் செய்யுங்கள், இடமிருந்து வலமாக. முதலில் இரண்டே அறை: இப்போது நடப்பது, முடிந்தது. முடிந்ததற்கு மூடி போட்ட தனி டப்பா இருந்தால் நல்லது. காரியம் முடிந்ததும் குழந்தையே பொருளை அதில் போட்டு மூட வேண்டும். அந்த மூடும் செயலில் நிறைய அழுகை நின்றுபோகும். ஏனென்றால் முடிந்துவிட்டது என்பதை அது தன் கையாலேயே செய்துவிட்டது. பிறகு மூன்று அறை, பிறகு காலை முழுதும். ஒருநாள் அது தானாகவே பெட்டிக்குப் போய் ஊஞ்சல் கயிற்றை எடுத்து உங்கள் கையில் வைக்கும். அன்றைக்கு எந்த வேலை இருந்தாலும் ஊஞ்சலுக்குக் கூட்டிப்போங்கள்.

பாடம் எங்கே இருக்கிறது

சமையலறையில், கொல்லையில், குழாயடியில். நம் பிள்ளைகளுக்குச் சோறு வானத்திலிருந்து வருவது. அரிசி டப்பாவைத் திறந்து, படியால் அளந்து, முறத்தில் புடைக்கும் காற்றை முகத்தில் உணர்ந்து, களைந்த தண்ணீரின் வழுவழுப்பைத் தொட்டு, குக்கர் ஆறிய பிறகு மூடியின் சூட்டை எட்ட நின்று அறிந்து, அதே அரிசியைச் சோறாக வாயில் வைக்கும்போதுதான் 'சோறு' என்ற சொல்லுக்கு உள்ளே ஏதாவது இருக்கும். அடுப்பு எரியும்போது மட்டும் கிட்டே விடாதீர்கள். வேர்க்கடலை உரிப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, துணியை மடிப்பது, குடத்தில் தண்ணீர் ஏறும் குளிர்ச்சியை வெளிப்பக்கம் தடவி அறிவது, எல்லாமே பாடம். ஒரு காரியத்தை எடுத்தால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூட்டிப்போங்கள். நடுவில் மட்டும் வந்து போனால் கதையில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்ததுபோலத்தான்.

கண்ணும் காதும் இழந்தும் படித்துப் புகழ்பெற்ற அமெரிக்கப் பெண் ஹெலன் கெல்லரின் கதையைச் சொல்லாத வீடே இல்லை. 1887 மார்ச் 3 அன்று ஆசிரியர் ஆன் சல்லிவன் ஹெலனின் வீட்டுக்கு வந்தார், ஏப்ரல் 5 அன்று தண்ணீர்க் குழாயடியில் 'தண்ணீர்' என்ற சொல் ஹெலனுக்குப் பிடிபட்டது. "டீச்சரம்மா, ஒரே மாசத்துலயாமே?" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்: ஹெலன் 19 மாதம் வரை பார்த்தும் கேட்டும் வளர்ந்த குழந்தை. ஆசிரியர் வருவதற்கு முன்பே வீட்டாரோடு பேச அவரிடம் சொந்தச் சைகைகள் இருந்தன. பிறவியிலேயே இரண்டும் இல்லாத குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பொருளிலிருந்து சைகைக்குப் போகவே வருடங்கள் ஆகலாம். சைகையைக் கைக்குள் தொட்டு உணரும்படி செய்யலாம், பார்வை மிச்சமிருந்தால் அதற்கு எட்டும் தூரத்தில் செய்யலாம். சிலர் விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் எழுத்து வரை போவார்கள், சிலர் பத்துப் பொருள்களோடு நிறைவாக வாழ்வார்கள். இரண்டையும் நான் ஒன்றாகவே மதிக்கிறேன்.

அடித்துக்கொள்கிறது, கண்ணைக் குத்துகிறது

சேட்டை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திடீரென்று தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள்: காதில் சீழ், பல்வலி, மலச்சிக்கல், கண்ணில் அழுத்தம். சொல்ல வாயில்லாத வலி தலையில் அடித்துக்கொள்வதாகத்தான் வெளியே வரும். உடம்பில் ஒன்றுமில்லை என்றால், அதற்கு முந்தைய ஐந்து நிமிடம் என்ன நடந்தது என்று எழுதிவையுங்கள். பெரும்பாலும் சொல்லாமல் ஏதோ மாறியிருக்கும். கண்ணைக் குத்தும் கைக்கு வேறு வேலை கொடுங்கள், கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். இரவு பகல் தெரியாமல் விழித்திருக்கும் பிள்ளைக்குக் காலை வெயிலும் ஒரே நேரத்துக் குளியலும் ஓரளவு உதவும்.

காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களுக்கு

உங்கள் வகுப்பில் நன்றாகச் சைகை பேசும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை சாயங்காலமானால் தடுக்கி விழுகிறதா? பக்கத்தில் நீட்டிய பந்து தெரியவில்லையா? உடனே விழித்திரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அஷர் என்ற மரபுவழி நோய் அப்படித்தான் தொடங்கும். பிறக்கும்போதே காது கேட்காது, பிறகு மெல்ல மெல்லக் கண்ணின் ஓரப்பார்வையும் போகும். தாயும் தந்தையும் இருவரும் அந்த மரபணுக் குறையைச் சுமந்தால்தான் குழந்தைக்கு வரும், அதனால் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். பார்வை இருக்கும்போதே பிரெயிலும், கைக்குள் சைகையை உணரும் பழக்கமும், கோல் பிடித்து நடப்பதும் தொடங்கிவிட்டால் பிள்ளை திகைக்காது.

சட்டமும் துணையும்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பல்வகைக் குறைபாடு உண்டு, கண்-காது இரண்டும் சேர்ந்த குறை அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்குப் போகும்போது கண்ணையோ காதையோ மட்டும் பதியவிடாதீர்கள், இரண்டையும் பதியச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தப்படி, கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கும் வழியைத் தேர்ந்துகொள்ளலாம். அது பெற்றோரின் விருப்பம். பள்ளி சேர்க்க மறுப்பதற்கு அது காரணமாகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். வழிகாட்டலுக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், மயிலாப்பூர் கிளார்க் பள்ளி ஆகியவற்றை அணுகலாம். அகமதாபாத்தில் உள்ள சென்ஸ் இந்தியா நாடு முழுக்க இந்தப் பிள்ளைகளுக்காகவே வேலை செய்கிறது.

பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளையோடு ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கனடாவில் இதற்கென்றே பயிற்சி பெற்ற துணையாளர்கள் உண்டு. துணையாளரின் வேலை பிள்ளைக்குப் பதிலாகச் செய்து முடிப்பதில்லை. நடப்பதைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும், பிள்ளை சொல்வதை மற்றவர்களுக்குச் சேர்ப்பதும்தான்.

என்னைப் போன்ற ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரம்தான் வர முடியும். மாற்றலாகியும் போய்விடுவோம். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரியுங்கள்: பிள்ளை என்ன செய்கிறது, அதற்கு என்ன அர்த்தம், நாம் என்ன செய்ய வேண்டும். "இடது காலை நீட்டுவான் – வயிறு நிறைந்தது – ஸ்பூனை முடிந்த டப்பாவில் போடவையுங்கள்." "வளையலை நகர்த்துவாள் – அப்பாயியைத் தேடுகிறாள் – கூட்டிவாருங்கள், இல்லை என்றால் அவருடைய காலிக் கயிற்றுக்கட்டிலைத் தொடவையுங்கள், ஊருக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம்." புதிதாக எதைக் கண்டாலும் அன்றே எழுதுங்கள், தேதியோடு. செல்போனில் எடுத்த சின்ன வீடியோக்களையும் சேர்த்து வையுங்கள். ஜெராக்ஸ் ஒன்று பீரோ கதவின் உட்புறம், ஒன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில், ஒன்று அடுத்து வரும் ஆசிரியருக்கு.